நான் மாற்றிச் சொன்ன வாக்கு

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வாக்குச் சொன்னவள் என் மதினி, என் புருஷனுடைய அக்கா. அவள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னவள் நான். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்த வேலையைப் பார்த்தேன். இன்றைக்கு றக்வான பக்கம் போய் மதினியைப் பற்றி விசாரித்தால், "அந்தப் பொய்ச்சாமியா?" என்று கேட்பார்கள். என்னைப் பற்றி விசாரித்தால் நல்ல பிள்ளை என்பார்கள். இது எப்படி நடந்தது என்பதை நான்தான் எழுத வேண்டும். வேறு யாருக்கும் முழுசாகத் தெரியாது.

மதினிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. நான் கலியாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே அவளுடைய புருஷன் செத்துப்போயிருந்தார். ஒரே மகளைக் கரவனெல்ல பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, லயம் என்கிற வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருந்தாள். பேச்சு மிகவும் குறைவு. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். கணக்கப்பிள்ளை பார்க்காமல் இரண்டாம் தரம் கூப்பிட்டுத் திட்டுவார். அதற்கும் தலையைத்தான் ஆட்டுவாள். திருவிழாவில் மற்றப் பெண்கள் சாமி வந்து ஆடும்போது, அவர்களுடைய கைப்பிள்ளைகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். அவள்மீது சாமி இறங்கும் என்று யாரும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த வருஷத் திருவிழா மழையோடுதான் நடந்தது. பத்து நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பகல் பூசை நேரம். தப்பு அடிக்கிற சத்தத்தில் கோயில் தகரம் அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற மதினி, இடுப்பிலிருந்த பிள்ளையை என் கையில் திணித்தாள். உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நான் காய்ச்சல் என்று நினைத்தேன். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு முன்னால் போய் அம்மனுக்கு நேரே நின்றாள். பிறகு அவளுக்குள் இருந்ததென்று நாங்கள் அறியாத ஒரு குரல் வந்தது.

"எம் பிள்ளைகள மண்ணு மூடப்போவுது! கீழ் லயத்துல ஒருத்தரும் இருக்கக்கூடாது. இன்னைக்கே ஏறி வந்துருங்க. சட்டி பான வேணாம், உசுரக் கொண்டாங்க!"

தப்பு நின்றுவிட்டது. கீழ் லயத்தில் எட்டுக் குடும்பங்கள். அதற்கு மேலே செங்குத்தாக நாலாம் நம்பர் தேயிலை மலை. எல்லாருக்கும் அந்த மலையைப் பற்றி ஒரு பயம் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு சீக்கிரம் கிளம்பியிருக்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எட்டுக் குடும்பமும் பாயும் பிள்ளைகளுமாகத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்துவிட்டார்கள். தோட்டத்து அதிகாரி சின்னத்துரை வந்து யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று சத்தம் போட்டார். அம்மன் வாக்கு என்று சொன்னதும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் பகலில் மலை இறங்கியது. லொறியில் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கீழ் லயம் இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பள்ளிக்கூடத்தில் அடுப்பு வசதி இல்லையென்று ஒரு பெண் மட்டும் அன்று சோறு வடிக்க இறங்கிப்போயிருந்தாள். மறுநாள் மத்தியானம்தான் அவளை எடுத்தார்கள். மற்ற அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள்.

அன்றிலிருந்து மதினியைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் எங்கள் லயத்து ஆட்கள், பிறகு பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். அவள் எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. போயிட்டு வாங்க."

கோயில் தலைவர் விடவில்லை. அவர் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர், நல்ல மனுஷர், ஆனால் விடாப்பிடிக்காரர். வாசல் திண்ணையான எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மன் குடுத்தத மறைச்சு வைக்கக் கூடாது தங்கச்சி. எட்டுக் குடும்பத்தக் காப்பாத்தி இருக்க. நாளைக்கு இன்னொரு உசுரு போனா அந்தப் பாவம் யாருக்கு?" என்றார்.

அவளைக் கடைசியில் இறங்கிவர வைத்தது அந்தப் பேச்சு இல்லை. சோறு வடிக்கப் போய் மண்ணுக்குள் போனவளுடைய புருஷன் ஒருநாள் வந்தார். அழவில்லை. "கடைசியில அவ என்ன நெனச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். மதினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "வலி தெரியல. சட்டுனு போயிட்டா. ஒங்களத்தான் நெனச்சுக்கிட்டா" என்றாள். அவர் அவள் காலில் விழுந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போனாள்.

கொஞ்ச நாளில் கீழே கிராமங்களிலிருந்து சிங்கள ஆட்களும் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு எங்கள் மாரியம்மன் பத்தினித் தெய்யோ. மதினி 'மெனியோ', தாயார். மதினிக்குச் சந்தைக்குப் போதுமான சிங்களம் தெரியும். ஆனால் வாக்கு தமிழில்தான் வந்தது. திருப்பிச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. கலியாணத்துக்கு முன்பு நான் நாலு வருஷம் றக்வான கடைவீதியில் ஒரு துணிக்கடையில் நின்றவள். மரியாதையான சிங்களம் பேசுவேன். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதை மறைக்கக் கூடாது. துணிக்கடையில் நின்ற காலத்தில் நான் வெறும் தோட்டத்துப் பெட்டை. எந்தச் சாமான் கேட்டாலும் எனக்குப் பின்னால் வந்தவருக்குத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். இப்போது அதே வீதியில் ஒரு முதலாளி நாற்காலியைத் துடைத்து, "வாடி வென்ன நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லி உட்காரச் சொன்னார். பஸ்ஸில் வசதியான சிங்கள நோனா ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். அவர்கள் அம்மனைப் பார்க்கவில்லை, மதினியையும் அவ்வளவாகப் பார்க்கவில்லை. வாக்கு என் வாயிலிருந்துதான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும். மதினி வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். லேசாக ஆடுவாள். கேள்வியை நான் தமிழில் சொல்வேன். சில சமயம் இரண்டு மூன்று வார்த்தை வரும். பல சமயம், "தெரியல" என்பாள். "இருட்டா இருக்கு, ஒண்ணும் வரல, போகச் சொல்லு" என்பாள்.

முதல் தடவை நான் மாற்றிச் சொன்னது ஒரு தாய்க்காக. அவளுடைய மகன் வெளிநாட்டில் வேலைக்குப் போய்ப் பல மாதமாகப் பேச்சே இல்லை. பஸ் வருகிற ரோட்டிலிருந்து வீங்கிய காலோடு ஏறி வந்திருந்தாள். மதினி வழக்கம்போல, "தெரியல. போகச் சொல்லு" என்றாள். அந்தத் தாய் என்னைப் பார்த்தாள். நான் சிங்களத்தில், "மகன் சுகமா இருக்காரு. சீக்கிரம் சேதி வரும்னு அம்மா சொல்றாங்க" என்றேன். ஒரு தாய்க்கு ஆறுதல் சொல்வதில் என்ன தப்பு என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் வெற்றிலைக் கட்டும் அல்லிப் பூவுமாக வந்தாள். மகன் பேசிவிட்டான். அந்தத் தாய் மதினியின் காலில் விழுந்து கும்பிட்டாள்.

மதினி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "இது எதுக்கு?"

"மகன் பேசினானாம். நீங்க சொன்ன மாதிரியே."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அம்மன் சொன்னுச்சு மதினி. ஒங்களுக்குத்தான் ஞாபகம் இல்ல."

அவள் என்னை நம்பினாள். ஆடும்போது வாயில் வருவதெல்லாம் நினைவில் நிற்காது என்று ஊரில் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். வாக்குச் சொன்னவளிடமே அவள் வாக்கைப் பற்றி நான் பொய் சொன்னேன். அன்று கூசியது. பிறகு கூசவில்லை. ஏனென்றால் நான் சொன்னது பலித்துவிட்டதே. ஒருவேளை அம்மன் என் நாக்கையும் தொட்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு எத்தனை மாற்றிச் சொன்னேன் என்று என்னால் இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. சிலது பலித்தது. பலிக்காதவர்கள் திரும்பி வரவில்லை. வராதவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பிறகு ஒரு நாள் றப்பர்ப் பால் வெட்டுகிறவர் ஒருவர் வந்தார்.

நாற்பது வயது இருக்கும். கீழே ஒரு சிங்களக் கிராமத்து ஆள். சர்க்கரை வியாதி. கால் விரலில் பட்ட சின்னக் காயம் மேலே ஏறி, பாதம் முழுக்கக் கறுத்திருந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வேண்டாமென்று கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அவருடைய பெண்சாதி ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைப் பொலித்தீன் உறையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவருடைய காலில் பழைய சாரத் துணி சுற்றியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

அவர் மட்டும் தமாஷாகப் பேசினார். "நங்கி, மரத்துக்கு மரம் மேடு ஏறி எறங்குறதுதான் எந் தொழிலு. ஒத்தக் காலோட போனா மரமே சிரிக்குமே" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு குரலை இறக்கி, "அம்மாகிட்ட நல்லாக் கேளுங்க. வீட்டுல ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க" என்றார்.

நான் கேள்வியைச் சொன்னேன். மதினி உடனே பேசினாள். அவ்வளவு உடனே அவள் எப்போதும் பேசியதில்லை.

"வெட்டச் சொல்லு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகச் சொல்லு. நிக்க வேணாம், இப்பவே எறங்கச் சொல்லு. வெட்டலன்னா ஆளு போயிருவான்."

தெளிவான வார்த்தை. இரண்டு மொழி தெரிந்த எவரும் அப்படியே சொல்லிவிடலாம். நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண்சாதி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்த முகம் சிரித்தபடியே நின்றிருந்தது. என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"இருபத்தொரு நாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போட்டு, திருநீறு பூசச் சொல்றாங்க. அதுக்குப் பெறகு முடிவு எடுங்கன்னு அம்மா சொல்றாங்க" என்றேன்.

இருபத்தொரு நாள் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாக்கில் வந்தது. முழுப்பொய் இல்லை, கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன், அதற்குள் அவர்களே மனதைத் தேற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பெண்சாதியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தபடி படி இறங்கிப்போனார்.

அடுத்த வாரங்களில் அவர்கள் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் தனியாக வந்தாள். வெள்ளை உடுத்தியிருந்தாள். அவள் வரிசையில் நின்றாள். முறை வந்தபோது என்னிடம் கேள்வியைச் சொல்லவில்லை. நேரே மதினிக்கு முன்னால் போய் நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோல எளிய சிங்களத்தில் பேசினாள்.

"மெனியோ, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சோம். இருபத்தொரு நாள்னு சொன்னீங்க. பதினேழு நாள்தான் போட முடிஞ்சுது. பதினேழாம் நாளு நெனவு தப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விஷம் ரத்தத்துல ஏறிருச்சுன்னாங்க. நாங்க எதுல தப்புப் பண்ணினோம்? பூச மறந்த நாள் ஒண்ணுகூட இல்லையே. எதுக்காக அம்மா கோவிச்சுக்கிட்டாங்க?"

சண்டை போட வரவில்லை அவள். தங்கள்மீது என்ன குற்றம் என்று கேட்க வந்திருந்தாள்.

மதினி கண்ணைத் திறந்தாள். அவளுக்கு அந்த அளவு சிங்களம் போதும். "விசி எக் தவஸ?" என்று திருப்பிக் கேட்டாள். இருபத்தொரு நாளா? அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மதினி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சூடத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை, இவள்தான் சொன்னாள் என்று கையைக் காட்டியிருக்கலாம். அவள் வேப்பிலையைக் கீழே வைத்தாள். முட்டி போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுடைய செருப்பில்லாத கால் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"மகே வெரெத்த, நங்கி. மகே வெரெத்த" என்றாள். தப்பு என்னுடையது.

கோயிலில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. அதைத் திருப்பிச் சொல்ல நான் தேவைப்படவில்லை.

அன்று மத்தியானம் இஸ்தோப்பில் மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அவள் தொடவில்லை.

"நீ என்ன சொன்ன அவங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். மகன் பேசிய கதையிலிருந்து சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெட்டச் சொன்னது அம்மன் இல்ல" என்றாள் அவள். "அந்த நாத்தம் எனக்குத் தெரியும். எம் புருஷன் காலு அப்படித்தான் நாறுச்சு. நாங்களும் இப்படித்தான் எலையும் தழையுமா கட்டிக் கட்டி வச்சிருந்தோம். பத்து வருஷத்துக்கு மேலாயும் மூக்க விட்டுப் போகல. அந்த ஆளு படி ஏறும்போதே தெரிஞ்சுக்கிட்டேன்."

எனக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. பயந்துகொண்டே கேட்டேன். "அப்ப, அந்த மலை எறங்கப் போறது?"

அவள் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள்.

"ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டே இருந்தேன். நாலாம் நம்பர்ல கொழுந்து எடுக்கையில மண்ணுல வெடிப்பு. மொதல்ல வெரலு போற அளவு. பெறகு கை போச்சு. பெறகு காலு போச்சு. கங்காணிகிட்டச் சொன்னேன். கொழுந்தப் பாரு, மண்ண ஏன் பாக்குறன்னான். கணக்கப்பிள்ளகிட்டச் சொன்னேன். சின்னத்துரை மலைக்கு வந்தப்ப கையப் புடிச்சு இழுக்காத கொறையாக் காட்டினேன். சிங்களத்துல ஹரி ஹரி, சரி சரின்னுட்டுப் போனாரு. ஒன் புருஷன்கிட்டயும் சொன்னேன். கீழ் லயத்துலயே போய்ச் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல."

"அப்ப சாமி வரலியா?"

"எனக்குச் சொல்லத் தெரியல. தப்பு அடிக்கையில ஒடம்பு ஆடுனது நெசம். ஆட்டுனது அம்மனா, பயமான்னு தெரியல. ஆனா சொன்ன சேதி எனக்கு முன்னயே தெரிஞ்ச சேதி. எம் பேருல சொன்னப்ப கேக்காதவங்க அம்மன் பேருல சொன்னதும் கேட்டாங்க."

"பெறகு ஏன் மதினி தொடர்ந்து போனீங்க?"

"அந்த மனுஷன் வந்து கேட்டாரே, பெஞ்சாதி கடைசியில என்ன நெனச்சான்னு. அதுக்கு நான் சொன்னது பொய்தான். எனக்கு எப்படித் தெரியும்? ஆனா அவரு அன்னைக்குத் தூங்கியிருப்பாரு. அதுக்குப் பெறகு எதாவது ஒருநா நெசமா வரும்னு நின்னேன். வராதப்ப தெரியலன்னுதானே சொன்னேன். எத்தன தரம் தெரியலன்னு சொல்லியிருக்கேன், நீயே சொல்லு."

அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடச் சிங்களத்தில் சொன்னதில்லை.

மதினி அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் கீழேயிருந்து சில ஆண்கள் வந்து கோயில் வாசலில் சத்தம் போட்டார்கள். ஒரு உயிரைக் கொன்றுவிட்டாள் என்றார்கள். கோயில் தலைவர் அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு எங்கள் ஆட்களே பேச ஆரம்பித்தார்கள். அம்மன் இவளை விட்டுப் போய்விட்டது என்றார்கள் சிலர். வரவே இல்லை, எல்லாம் நடிப்பு என்றார்கள் சிலர். மலை இறங்கும் என்று சொன்னாளே என்று யாராவது கேட்டால், "அப்படி மழை பெஞ்சா மண்ணு சரியத்தான் செய்யும், இதச் சொல்ல சாமி வேணுமா?" என்று பதில் வந்தது. அப்படிச் சொன்னவர்களில் கீழ் லயத்திலிருந்து பிள்ளைகளோடு தப்பி வந்தவர்களும் இருந்தார்கள். சோறு வடிக்கப் போனவளின் புருஷன் மதினியைக் கண்டால் காறித் துப்பிவிட்டுப் போனார். மலையில் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் யாரும் நிற்க மாட்டார்கள். அவள் முன்பைப்போலவே ஒன்றும் பேசாமல் கூடையை நிறைத்துக்கொண்டு வந்தாள்.

பலித்தால் நிஜம், பலிக்காவிட்டால் பொய் என்றுதான் எல்லாரும் அளந்தார்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நான் தாய்க்குச் சொன்ன பொய் நிஜமாகிவிட்டது. மதினி றப்பர்காரருக்குச் சொன்ன நிஜத்தை யாரும் கேட்கவே இல்லை.

நான் கோயில் தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் லொறிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லிறாத புள்ள" என்றார். "அவ பேரு ஏற்கனவே போச்சு. ஒனக்கு ரெண்டு பிள்ளைங்க இஸ்கூலுக்குப் போவுது. ஒன் பேரையும் சேத்து எதுக்குக் கெடுக்கணும்? கோயில் பேரும் இருக்குல்ல."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீது அருவருப்பு வருகிறது.

நாலு மாதத்தில் மதினி வேலையை விட்டுவிட்டுக் கரவனெல்லயில் மகளிடம் போய்விட்டாள். இரண்டு பைதான். ஒன்றை நான் பஸ் ரோடுவரை தூக்கிப்போனேன். பஸ் வந்ததும், "பிள்ளைகளப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷம் கோயிலில் வேறொருவர் வாக்குச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்துத் தோட்டத்து ஆள், நன்றாக ஆடுவார். என்னைத் திருப்பிச் சொல்லக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன். சிங்களம் தெரிந்த ஒரு வாத்தியார் அந்த வேலைக்கு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு கோயில் பக்கமாக வந்தேன். அந்த மனுஷர் தமிழில் இரண்டே வார்த்தை சொன்னார். வாத்தியார் சிங்களத்தில் நீளமாகப் பேசிக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்து விசாரித்து அந்தப் பெண்ணின் கிராமத்துக்குப் போனேன். றப்பர் மரங்களுக்கு நடுவே சின்ன வீடு. புருஷன் பால் வெட்டிய மரங்களில் இப்போது அவள்தான் பால் வெட்டுகிறாள். விரல் நகமெல்லாம் பால் ஒட்டிக் கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உட்காரப் பலகை போட்டாள். நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெனியோ அன்றைக்கே வெட்டச் சொன்னார், இருபத்தொரு நாள் என்பது என் வார்த்தை, அவளுடைய புருஷன் சாவுக்குக் காரணம் நான் என்று எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "நீங்க அவங்க தம்பி பெஞ்சாதிதானே?" என்றாள்.

"ஆமா."

"அதான். சொந்தம் விட்டுப் போகுமா? அவங்க பேரக் காப்பாத்த வந்திருக்கீங்க. நல்ல மனசு ஒங்களுக்கு."

"இல்ல அக்கா, நெசமாத்தான் சொல்றேன்."

"அவங்களே எங் காலப் புடிச்சு, தப்பு என்னோடதுன்னு சொன்னாங்களே. செய்யாத தப்புக்கு யாராவது காலப் புடிப்பாங்களா?"

என் பிள்ளைகள்மீது சத்தியம் செய்கிறேன் என்றேன். அவள் பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். றப்பர்ப் பால் வாடை அடித்தது.

"பிள்ளைங்க மேல பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க நங்கி. ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீங்க அன்னைக்கு எவ்வளவு அன்பாப் பேசினீங்க. அவரு சிரிச்சுக்கிட்டே படி எறங்கினாரு. கடைசியா அவரு சிரிச்சது அன்னைக்குத்தான்."

பிறகு அவள் தேத்தண்ணி போட்டாள். குடித்தேன். அவளுடைய இரண்டு மகள்களும் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளுக்குத் தகப்பனுடைய முகம்.

வீட்டுக்கு வந்து கரவனெல்லவுக்குப் போன் போட்டேன். மதினி எடுத்தாள். போய் வந்ததைச் சொன்னேன்.

"நம்பலியா?"

"நம்பல மதினி."

"இனி அங்க போகாத" என்றாள். "அவ யாரு மேலயாவது கோவப்பட்டுத்தான் நாள ஓட்டணும். அது நானா இருந்துட்டுப் போறேன். ஒன்னயும் கெடுத்து, அந்த மனுஷன் கடைசியாச் சிரிச்ச சிரிப்பையும் அவகிட்ட இருந்து எதுக்குப் புடுங்குற?"

எனக்கு அழுகை வந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அழுது முடிந்ததும், பிள்ளைகள் சோதனை எப்படி எழுதினார்கள் என்று கேட்டாள். பெரியவன் கணக்கில் குறைவு, சின்னவள் பரவாயில்லை என்று சொன்னேன்.